பன்னிரண்டு பேரில் ஒருவர்: பள்ளிக் கூடைப்பந்து வீரர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதம்



கூடைப்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஏழு பேர் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். ஆக, ஓர் அணி என்றால் பன்னிரண்டு பேர். பிளஸ் டூ முடிக்கும் ஒரு நல்ல கூடைப்பந்து வீரரின் அடுத்த சில ஆண்டுகள் இந்தப் பன்னிரண்டைச் சுற்றியே நடக்கின்றன. எந்தக் கல்லூரியின் பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர்? எந்தப் பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு பேரில் ஒருவர்? அங்கே ஆடும் ஐவரில் ஒருவரா, காத்திருக்கும் எழுவரில் ஒருவரா? பள்ளியில் சிறந்து விளங்கும் கூடைப்பந்து வீரர்கள் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே தொப்பூரில் நிகழும் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது "பையன் செலக்ட் ஆயிட்டான்" என்பார்கள். கல்லூரி தேர்ந்தெடுத்தது, பையன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்று அதற்குப் பொருள். ஆனால் மாநில அளவில் ஆடிய, உயரமும் வேகமும் உள்ள வீரரை ஒரே ஒரு கல்லூரி மட்டும் அழைப்பதில்லை. இரண்டு அழைக்கும், மூன்று அழைக்கும். இரண்டாவது அழைப்பு வந்த அந்த நிமிடமே தேர்ந்தெடுக்கும் உரிமை வீரரின் கைக்கு வந்துவிடுகிறது. வந்தது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. முதலில் கூப்பிட்ட இடத்தில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? அதை வைத்து எதை எதை எடைபோட வேண்டும்? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் ஆட்டத்தின் கதை. கூடைப்பந்து ஒரு கல்வி நிலையத்தில் பிறந்த ஆட்டம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகப் பீச் பழக் கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தை உருவாக்கினார். இந்தியாவில் அது பரவியதிலும் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழகமெங்கும் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ல் அமைந்தது. பள்ளி மைதானம், ஊர் கிளப், கல்லூரி, பிறகு ஒரு வங்கி அல்லது ரயில்வே: தமிழகத்துக் கூடைப்பந்து வீரர் இன்றைக்கும் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் நடக்கிறார். பாதையின் நடுவில் இருக்கும் கல்லூரியில் தடுமாறினால் அடுத்த படியும் தடுமாறும்.

சரி, கல்லூரியின் கண்ணுக்கு ஒரு பள்ளி வீரர் எப்படித் தென்படுகிறார்? பல படிகளில். பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்குகின்றன. குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் மாநிலம். அங்கிருந்து மாநிலப் பள்ளி அணியில் இடம் கிடைத்தால் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. இது ஓர் ஏணி. இன்னோர் ஏணியைக் கூடைப்பந்துக் கழகங்கள் வைத்திருக்கின்றன. மாவட்டக் கழகம், மாநிலக் கழகம், பிறகு 16 வயதுக்கு உட்பட்டோர், 18 வயதுக்கு உட்பட்டோர் என்று தேசியப் போட்டிகள். மூன்றாவது ஏணி, 1992-ல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அதன் விளையாட்டு விடுதிகளில் பள்ளி மாணவர்கள் தங்கி, படித்து, பயிற்சி பெறுகிறார்கள். ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் பள்ளிப் பிரிவு உண்டு. இவற்றோடு கோயம்புத்தூர், பெரியகுளம் போன்ற ஊர்களின் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகளில் வங்கி அணிகளையும் ரயில்வே அணிகளையும் நேரில் பார்த்து வளரும் சிறுவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஏணிகளின் ஓரத்தில்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் நிற்கிறார்கள். மாநிலப் போட்டி நடக்கும் மைதானத்தில் பார்வையாளர் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் பெரும்பாலும் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக இருப்பார். அவர் எழுதிக்கொள்வது என்ன? உயரம். கை நீளம். இரண்டு கையாலும் பந்தைத் தட்டிச் செல்கிறாரா? தவறு செய்த பிறகு தலை குனிகிறாரா, திரும்பி ஓடித் தடுக்கிறாரா? ஆட்டம் முடிந்ததும் அவர் பேசுவது வீரரிடம் அல்ல, பள்ளியின் பி.டி. சாரிடம். முதல் அழைப்பு அவர் வழியாகவே வீட்டுக்கு வருகிறது. ஆகவே முதல் ஆலோசகரும் அவரே.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடையில் கல்லூரிகள் செலக்‌ஷன் டிரையல்ஸ் நடத்துகின்றன. சான்றிதழ்களின் அசலும் நகலும், ஷூ, ஜெர்சி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாணவர்கள் இரவு பஸ்ஸில் கிளம்புகிறார்கள். காலையில் உயரம் அளப்பது, ஓட்டம், தாவல். பிறகு ஐந்துக்கு ஐந்து ஆட்டம். மாலையில் பட்டியல். பட்டியலில் பெயர் வந்தவருக்குக் கல்விக் கட்டணம் முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி, விடுதி, சாப்பாடு, ஷூ, சீருடை என்று சலுகைகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் இது வேறு வேறு. ஒரே கல்லூரியிலும் இரண்டு வீரர்களுக்கு வேறு வேறாக இருக்கலாம். டிரையல்ஸ் இல்லாத வழியும் ஒன்று உண்டு. தமிழகப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பார்க்கப்படுவது சான்றிதழின் தரம். மாவட்டச் சான்றிதழை விட மாநிலச் சான்றிதழுக்கும், மாநிலத்தை விட தேசியத்துக்கும் மதிப்பு அதிகம்.

இதுவரை சொன்னது கல்லூரி வீரரைப் பார்க்கும் பார்வை. இனி வீரர் கல்லூரியைப் பார்க்கும் பார்வைக்கு வரலாம். சொற்பொழிவின் மையம் இதுதான்.

வீரர் முதலில் பார்ப்பது பணம். பார்க்க வேண்டியதும்தான். விவசாயக் கூலிக்கும் லாரித் தொழிலுக்கும் போகும் குடும்பத்தில், கட்டணமில்லாத இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் சிறிய விஷயம் அல்ல. ஆனால் "ஃப்ரீ சீட்" என்ற சொல்லுக்குள் எவ்வளவோ அடங்கும், எவ்வளவோ அடங்காது. கல்விக் கட்டணம் இலவசமா? விடுதிக் கட்டணமும் இலவசமா? மெஸ் கட்டணம் யார் கட்டுவது? தேர்வுக் கட்டணம்? முதலாண்டு மட்டுமா, படிப்பு முடியும் வரையா? கூடைப்பந்து ஆடும் உடலுக்கு முட்டையும் பாலும் கறியும் வேண்டும். அதை மெஸ் தருகிறதா, கைக்காசில் வாங்க வேண்டுமா? இலவசம் என்று சேர்ந்த பிறகு மாதம் இவ்வளவு வீட்டிலிருந்து போக வேண்டும் என்று தெரிந்தால் அது இலவசம் இல்லை.

இரண்டாவது, பயிற்சியாளரும் களமும். ஒரு கல்லூரியில் முழுநேரப் பயிற்சியாளர் இருப்பார். இன்னொன்றில் உடற்கல்வி இயக்குநரே எல்லா ஆட்டத்தையும் கவனிப்பார். ஒன்றில் மரத்தளம் போட்ட உள்ளரங்கம். இன்னொன்றில் சிமென்ட் தளம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். மாலையில் மின்விளக்கு உண்டா என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றும். ஐந்து மணி வரை வகுப்பு இருக்கும் கல்லூரியில் விளக்கு இல்லையென்றால் பயிற்சி எப்போது?

மூன்றாவதுதான் பெரும்பாலோர் கேட்க மறப்பது. ஆட இடம் கிடைக்குமா? புதிதாகச் சேரும் வீரர் உயரமான சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடுபவர், என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே இரண்டாமாண்டில் ஒரு சென்டர், முதுகலையில் இரண்டு சென்டர்கள் இருக்கிறார்கள். சேருகிறவர் எத்தனை ஆண்டு பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்? பதினெட்டு வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடையில்தான் ஓர் ஆட்டக்காரர் வேகமாக வளர்கிறார். அந்த மூன்று ஆண்டுகளைப் பெஞ்சில் கழித்தவருக்கு, கட்டணத்தில் மிச்சமான பணம் ஈடாகாது. பெரிய பெயருள்ள கல்லூரியின் பன்னிரண்டாவது ஆள், நடுத்தரக் கல்லூரியின் முதல் ஐவரில் ஒருவர்: இரண்டில் எது மேல்?

இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. பதிலைத் தேடினால் பல்கலைக்கழகப் போட்டிகளின் அமைப்புக்குப் போக வேண்டும். இந்தியாவில் கல்லூரி ஆட்டத்தின் உச்சி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. நாடு தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டலத்தில் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. அங்கே ஆடுவது கல்லூரி அணி அல்ல, பல்கலைக்கழக அணி. இங்கேதான் அந்தப் பன்னிரண்டு மீண்டும் வருகிறது.

தொப்பூரிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் தருமபுரி. தெற்கே கணவாய் இறங்கினால் சேலம். இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. இரண்டுமே 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளிலும் ஆடும் அத்தனை பேரிலிருந்தும் பன்னிரண்டு பேர் பல்கலைக்கழக ஜெர்சி அணிகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ், கூடைப்பந்தில் நீண்ட பெயருள்ள லயோலா போன்ற கல்லூரிகள் இருக்கின்றன. அங்கும் பன்னிரண்டே பேர். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மாநிலம் முழுவதும் பொறியியல் கல்லூரிகள். அங்கும் பன்னிரண்டே பேர். ஆனால் எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, இந்துஸ்தான், வேல்ஸ் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே பல்கலைக்கழகங்கள். அவற்றின் அணி நேராகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தவர் முதலில் கல்லூரி அணிக்குள் வர வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட வேண்டும். பிறகு பல்கலைக்கழகத் தேர்வில் வெல்ல வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு வாசல் ஒன்றுதான். ஆனால் அந்த வாசலில் தமிழகத்தின் சிறந்த வீரர்கள் பலர் ஏற்கெனவே நிற்கிறார்கள்.

இந்த ஜெர்சிக்கு ஏன் இத்தனை மதிப்பு? வேலைக்காக. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிக்கும் விதிகளில் சான்றிதழ்களுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு ஒரு படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஒரு படிவம், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாம் படிவம், தேசியப் பள்ளிப் போட்டியில் மாநில அணிக்கு ஆடியவருக்கு நான்காம் படிவம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் பத்துக் கோப்பை வாங்கியவருக்கு அந்தப் பட்டியலில் படிவம் இல்லை. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு உண்டு. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, காவல் துறை என்று கூடைப்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்த அலுவலகங்களின் வரிசை நீளமானது. ஆக, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே வீரர் ஒரு படிவத்தையும் தேர்ந்தெடுக்கிறார்.

நான்காவது, படிப்பு. ஆட்டக்காரருக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. ரயில்வேயில் சேருவதற்கும் கல்வித் தகுதி வேண்டும். அங்கே பதவி உயர்வுக்குப் பட்டம் உதவும். உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் உடற்கல்வியியல் பட்டம் வேண்டும். பயிற்சியாளராக வேண்டுமானால், 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பெரிய பலம். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இந்த வழியில் போகிறவர்களுக்கானது. எந்தப் பாடம் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆய்வகம் நிறைந்த பாடத்தை எடுத்துவிட்டு மாதம் பத்து நாள் போட்டிக்குப் போனால், செய்முறைத் தேர்வில் அரியர் விழும். பெரும்பாலான இடங்களில் 75 சதவீத வருகை வேண்டும். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகை தருவார்கள். அதைத் துறைத் தலைவர் ஏற்கிறாரா என்பது விளையாட்டுத் துறையின் வாக்குறுதியில் இருக்காது. மூத்த வீரர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஐந்தாவது, வீடு. பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகிறவருக்கு இது கடைசிக் காரணம் அல்ல. மாணவியருக்குப் பல வீடுகளில் இதுவே முதல் காரணம். விடுதியில் வார்டன் யார்? போட்டிக்குப் போகும்போது அணியோடு பெண் ஆசிரியர் வருவாரா? இரவு எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? பெற்றோர் இப்படிக் கேட்பதைச் சில பயிற்சியாளர்கள் தொந்தரவாக நினைப்பதுண்டு. தெளிவான பதில் தரும் கல்லூரியில்தான் ஒரு மாணவி மூன்று ஆண்டும் நிலைத்து ஆட முடியும். சென்னையின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் அணிக்கு ஆடினார், தலைமை தாங்கினார், தெற்கு ரயில்வேயில் பணியாற்றினார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பதினெட்டு ஆண்டு ஒருவர் களத்தில் நிற்க வேண்டுமானால், திறமைக்குப் பின்னால் வீடும் நிற்க வேண்டும், நிறுவனமும் நிற்க வேண்டும்.

இனிச் சிறிது நேரம் கடலைக் கடந்து போகலாம். இந்தத் தேர்வு உலகத்திலேயே மிகப் பெரிய வியாபாரமாக நடக்கும் நாடு அமெரிக்கா. அங்கே பள்ளி முடிக்கும் சிறந்த வீரரின் முடிவைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டுகிறார்கள். மேசையில் நான்கைந்து கல்லூரித் தொப்பிகள் இருக்கும். அவர் எடுத்து அணியும் தொப்பிதான் அவருடைய கல்லூரி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அவரும் கல்லூரியின் செலவிலேயே போய் விடுதி, உள்ளரங்கம், வகுப்பறை எல்லாம் பார்த்திருப்பார். அவர் எடைபோடுவது எதை? கிட்டத்தட்ட இதே ஐந்தைத்தான். பணம், பயிற்சியாளர், ஆடும் நிமிடங்கள், படிப்பு, வீடு. ஒன்று மட்டும் வேறு. இங்கே கடைசிப் படி ரயில்வே, அங்கே கடைசிப் படி என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டி.

பயிற்சியாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவருக்குப் பெரிய உதாரணம் கரீம் அப்துல் ஜப்பார். அப்போது அவர் பெயர் லூ அல்சிண்டர். நியூயார்க்கில் வளர்ந்த அவர், 1965-ல் நாட்டின் மறு கோடியில் இருந்த யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார். அங்கே ஜான் வுடன் பயிற்சியாளர். 1967, 1968, 1969 என்று மூன்று ஆண்டும் தேசியக் கோப்பை அவர்களுடையது. படிப்புக்காக நிலைத்தவருக்கு உதாரணம் டிம் டங்கன். பட்டம் வாங்குவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் இருந்தார். முன்பே போயிருந்தால் கோடிகள் கிடைத்திருக்கும். 1997-ல் பட்டத்தோடு போனார். அந்த ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் அவரே முதலாவதாக எடுக்கப்பட்டார்.

ஆடும் நிமிடங்களுக்கு உதாரணம்? ஸ்டீபன் கரி. ஒல்லியான பையன், உயரம் போதாது என்று பெரிய கல்லூரிகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தந்தை ஆடிய வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமே உதவித்தொகை தரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அழைத்தார். கரி அங்கே முதலாண்டிலிருந்தே களத்தில் இருந்தார். 2008-ல் அந்தச் சிறிய கல்லூரி தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. 2009-ல் கரி என்.பி.ஏ.வுக்குப் போனார். பெரிய கல்லூரி ஒன்றின் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று ஆண்டும் எறிந்து எறிந்து பழகிய கை எங்கே பழகியிருக்கும்? தருமபுரியிலோ சேலத்திலோ சேரலாமா, சென்னைக்கே போகலாமா என்று யோசிக்கும் வீரருக்கு இந்தக் கதையில் ஒரு பாதி பதில் இருக்கிறது. மறு பாதி கூப்பர் ஃபிளாகின் கதையில் இருக்கிறது. மெய்ன் மாநிலத்துச் சிற்றூரிலிருந்து வந்த அவர், ஆட்டப் புகழில் முன்னணியில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தை 2023-ல் தேர்ந்தெடுத்தார். ஒரே ஆண்டு ஆடினார். 2025 என்.பி.ஏ. தேர்வில் டல்லாஸ் அணி அவரை முதலாவதாக எடுத்தது. போன முதல் நாளிலேயே ஐவரில் ஒருவராக ஆடும் திறமை உள்ளவருக்குப் பெரிய இடமே சரி. வளர வேண்டியவருக்கு, ஆட விடும் இடமே சரி. தான் எந்த வகை என்று நேர்மையாகத் தெரிந்துகொள்வதில்தான் தேர்வு தொடங்குகிறது.

பணமும் அங்கே இப்போது வெளிப்படையாக வந்துவிட்டது. முன்பு உதவித்தொகைக்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் விதிமீறல். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை பங்கு தரலாம். கல்லூரி பிடிக்காவிட்டால் ஆண்டு முடிவில் வேறு கல்லூரிக்கு மாறுவதும் அங்கே எளிதாகிவிட்டது. ஆனால் பணம் மறைவில் இருந்த காலத்தின் பாடத்தை மறக்கக் கூடாது. 2017 செப்டம்பரில் சில கல்லூரிகளின் துணைப் பயிற்சியாளர்களும், ஷூ நிறுவனம் ஒன்றோடு தொடர்புடையவர்களும் கைது செய்யப்பட்டார்கள். சிறந்த பள்ளி வீரர்களைக் குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு இழுக்கக் குடும்பங்களுக்கு ரகசியமாகப் பணம் போனது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. வீரருக்கும் கல்லூரிக்கும் நடுவில் மூன்றாவது கை நுழைந்தால் முடிவு வீரருடையதாக இருப்பதில்லை. நாடு மாறினாலும் இது மாறாது.

இந்தியாவிலிருந்து அந்த நாட்டுக்குப் போனவர்களும் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னம் சிங் 2010-ல் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். அவர் கல்லூரியில் ஆடவில்லை. அமெரிக்கக் கல்லூரியில் ஆடுவதற்குக் குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டும். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அமான் சந்து, டெல்லி அருகே 2017-ல் தொடங்கிய என்.பி.ஏ. அகாடமியில் பயிற்சி பெற்று, மான்மவுத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த வழியை நினைக்கும் மாணவர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்ணைக் கவனிக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் பந்து பயின்றால், இரண்டரை மணி நேரம் புத்தகமும் இருக்க வேண்டும்.

மீண்டும் தொப்பூருக்கு வரலாம். இந்தக் கணவாயில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பாடம் பழக்கம். இறக்கத்தில் பாதி வந்த பிறகு கியரைத் தேடக் கூடாது. மேலேயே, இறக்கம் தொடங்கும் முன்பே, சரியான கியரில் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரியில் சேர்ந்து டி.சி.யைக் கொடுத்த பிறகு கேள்வி கேட்பது பாதி இறக்கத்தில் கியர் தேடுவதுதான். ஒரே கல்வியாண்டில் ஒரு மாணவர் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஆட முடியாது. தவறாகச் சேர்ந்தால் ஓர் ஆண்டு போகும். பல்கலைக்கழகப் போட்டிகளில் 25 வயது வரைதான் ஆடலாம் என்ற வரம்பும் இருக்கும்போது, அந்த ஓர் ஆண்டு பெரிது.

ஆகவே மேலேயே கேட்க வேண்டிய கேள்விகள் எவை?

சலுகை என்னென்ன, எத்தனை ஆண்டுக்கு? இதைக் கல்லூரியின் கடிதத் தாளில் எழுத்தில் வாங்க வேண்டும். வாயால் சொன்ன சலுகை, சொன்னவர் வேறு வேலைக்குப் போனதும் கூடவே போய்விடும்.

புதிய வீரர் ஆடும் இடத்தில் இப்போது யார் யார் ஆடுகிறார்கள், எந்த ஆண்டில் படிக்கிறார்கள்? பயிற்சியாளர் தயங்காமல் பெயர் சொன்னால் அவர் புதிய வீரருக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்.

கடந்த மூன்று ஆண்டில் இந்தக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக அணிக்கு எத்தனை பேர் போனார்கள்? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலமாரியை விட இந்தப் பதில் உண்மையைச் சொல்லும்.

ஓ.டி. கொடுக்கிறார்களா? தேர்வு நாளில் போட்டி வந்தால் என்ன ஏற்பாடு? இதை அலுவலகத்தில் கேட்பதை விட, மூன்றாமாண்டு படிக்கும் ஒரு வீரரோடு டீக்கடையில் பத்து நிமிடம் நின்று கேட்பது நல்லது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளுமா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. வீரருக்கு அந்தச் சான்றிதழ்கள் வேலைக்கான சாவி. சாவியை யாரிடமும் விட்டுவைக்கலாகாது.

கடைசிக் கேள்வி ஒன்று. கேட்கத் தயக்கமாக இருக்கும், கேட்டே ஆக வேண்டியதும் அதுதான். அடிபட்டால் என்ன ஆகும்? கூடைப்பந்தில் தாவி இறங்கும்போது முழங்கால் திரும்பி தசைநார் கிழிவது எப்போதாவது நடக்கும் விபத்து அல்ல, அடிக்கடி நடப்பது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் கட்டணச் சலுகை தொடருமா? விடுதியில் இடம் இருக்குமா? சிகிச்சைச் செலவு யாருடையது? "ஆடினால்தான் சலுகை" என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரிக்கு வேண்டியது ஒரு ஜோடிக் கால்கள். "படிப்பை முடிக்கும் வரை எங்கள் மாணவர்" என்று பதில் வந்தால், அதை எழுதி வாங்கிக்கொண்டு அங்கே சேரலாம். பன்னிரண்டு பேரில் ஒருவராக ஆடும் நாட்களில் எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரியாகவே தெரியும். பதின்மூன்றாவது ஆளாகக் கட்டுப் போட்ட காலோடு ஓரத்தில் உட்கார நேரும் நாளில் எந்தக் கல்லூரி தன் மாணவர் என்று சொல்கிறதோ, அதுவே தேர்ந்தெடுக்க வேண்டிய கல்லூரி.